ஆணியில் தொங்கும் திறப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குத் தேவன் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். சுருவிலில் உழவு மெசின், அதுதான் டிராக்ரர், வைத்திருப்பவர். போனில் பேசுவதற்குப் பதிலாக நேரே வந்து வாசல் படலையைத் தட்டுகிற ஆள்.

"பிள்ளை, சரவணைக் கலியாண வீட்டில எங்கட கதிரை நூறு நிக்குது. ஏத்திக்கொண்டு வரவேணும். வாகனம் எடுக்க ஏலுமோ?"

"ஓம் அண்ணை. ஏன், அக்கா போகேல்லையோ?"

அந்தப் பக்கம் ஒரு சேவல் மட்டும் கூவியது.

"அக்கான்ர வீட்டுக்குத்தான் கதிரை வேணும்," என்றார். பிறகு, "நான் போயிருப்பன். அக்காவை விட்டிட்டு வர மனமில்லை," என்றார்.

பவளம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலணைத் தீவில் கலியாணமோ செத்தவீடோ நடந்தால் முதலில் வந்து நிற்பது பவளம் அக்காவின் பிக்கப்தான். பின்னால் அடுக்கிக் கட்டிய பிளாஸ்ரிக் கதிரைகள், மேலே பந்தல் தகரங்கள், உள்ளே சீற்றை முன்னுக்கு இழுத்து, முதுகை நிமிர்த்தியபடி அக்கா. கணவர் காலமான பிறகு தொடங்கிய தொழில். வாடகைக்குக் கொடுப்பது மட்டுமல்ல, ஏற்றுவது, ஓட்டுவது, இறக்குவது எல்லாமே அவர்தான். செத்தவீட்டுக்குப் போனால் கதிரைகளை இறக்கிய பிறகு கை கழுவிவிட்டு, அவற்றில் ஒன்றிலேயே அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புவார். கதிரை கொண்டு வந்தவரா, துக்கம் விசாரிக்க வந்தவரா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான் வேலணையில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். மிச்ச நேரம் முழுக்க வாகனங்களைப் பற்றிக் காணொளி போடுவேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் போன் திரை சொல்லித் தந்தது. அக்காவோடு பழகுவதற்கு முந்தி என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டி மட்டும். அது தடையாகத் தெரியவில்லை. "இனி ஏன் மனுவல் கியர்?" என்று பதினொரு நிமிடக் காணொளி ஒன்று போட்டேன். இடது காலால் கிளச்சை மிதித்து மிதித்து ஓட்டுவது பழைய காலத்துத் தண்டனை, ஓட்டோ கியரில் அந்தக் காலுக்கு வேலையே இல்லை, சும்மா வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அடித்துச் சொன்னேன். கீழே 'கதிரைக்காரி' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்:

"பற்றரி இறங்கினால் உம்மட ஓட்டோ கியரைத் தள்ளி ஸ்ராட் பண்ண ஏலுமோ?"

நான் நீண்ட பதில் எழுதினேன். பற்றரியின் ஆயுள், எச்சரிக்கை விளக்கு, எல்லாம். அதற்கு அவர், "நீர் பிக்கப் ஓட்டினனீரோ?" என்று மட்டும் கேட்டார். இல்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்று எழுதினேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை சுருவிலுக்கு வாரும். தெரிஞ்ச ஆக்கள் எனக்குத் தேவைப்படுது" என்று பதில் வந்தது.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். போன பிறகு பார்த்தால் உண்மையாகவே தேவைப்பட்டிருந்தது. பழைய பிக்கப்பின் அடித்தகடு உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. ஓட்டும்போது காலுக்குக் கீழே தார் ரோட்டைப் பார்க்கலாம். கனடாவில் இருக்கிற அவருடைய தம்பி வேறு ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் ஓட்டோ கியர்தான் எடுக்க வேண்டும் என்று. காரணம் அக்காவின் இடது முழங்கால். பின்னேரமானால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிடும். கிளச் மிதிக்கிறதைக் குறைக்கச் சொல்லி டொக்டரும் சொல்லியிருந்தார். இந்தக் காலோடு இன்னும் எத்தனை வருடம் ஓட்ட முடியும் என்பதுதான் கேள்வி. ஓட்ட முடியாவிட்டால் அந்தத் தொழிலும் இல்லை.

நான் உடனே தம்பியின் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். முன்கதவுக்கு வெளியே, தாழ்வாரத்துக்குக் கீழே ஓர் ஆணி. அதில் நீல நைலோன் கயிற்றில் வாகனத்தின் சாவி தொங்கியது; நாங்கள் திறப்பு என்போம். வெளியே, யாரும் எடுக்கக்கூடிய இடத்தில்.

"களவு போகாதோ அக்கா?"

"கொண்டு போறவன் தீவை விட்டுப் பண்ணைப் பாலத்தாலதானே போக வேணும். எல்லாருக்கும் இந்த வாகனத்தைத் தெரியும்."

அந்தக் குறுகலான ஒழுங்கையில் இருந்த மற்ற நாலு வீடுகளிலும் உழவு மெசின் மட்டும்தான். அவசரம் என்றால் யாராவது வந்து திறப்பை எடுத்துக்கொண்டு போவார்கள். சொல்லிக்கொண்டு நிற்க மாட்டார்கள். காலையில் எழும்பும்போது ஆணி வெறுமையாக இருந்தால், ஆருக்கோ ஏலாமல் வந்திருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கினம் என்று அக்கா விளங்கிக்கொண்டு, கேத்திலை அடுப்பில் வைப்பார். வாகனம் திரும்பி வரும்போது தேத்தண்ணி ஆயத்தமாக இருக்கும். தேவன் அண்ணையின் தாயார் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மேலண்டை வீட்டுக் குழந்தை பிறக்கப் போனதும் அந்த ஓட்டை விழுந்த பிக்கப்பில்தான்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து விற்பனைக்காரர் ஒருவர் ஓட்டோ கியர் பிக்கப் ஒன்றைக் காட்டக் கொண்டு வந்தார். வெள்ளை நிறம், கதவு மூடுகிற சத்தமே தனி. வெறுமையாக ஓட்டிப் பார்த்தால் வாகனத்தின் குணம் தெரியாது என்று அக்கா நாற்பது கதிரைகளை ஏற்றச் சொன்னார். ஊர்காவற்றுறை ரோட்டில் போய் வந்தார். நான் பக்கத்தில் இருந்து படம் எடுத்தேன். இறங்கும்போது அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"கால் இருக்கிறதே தெரியேல்லை. சொர்க்கம்," என்றார்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் அயல் வீட்டு வேலிப் பக்கம் திரும்பி, "தேவன், நீர் ஒருக்கா ஏறும்" என்றார்.

தேவன் அண்ணை பதினைந்து வயதிலிருந்து உழவு மெசின் ஓட்டுகிறவர். அக்கா, விற்பனைக்காரர், நான் மூவரும் கூட ஏறினோம். சந்தி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சந்தி வந்ததும், கியர் மாற்றுகிற பழக்கத்தில், இடது காலால் கிளச்சை ஓங்கி மிதித்தார். அங்கே கிளச் இல்லை. இருந்தது பிரேக். வாகனம் அடித்து வைத்த முளை மாதிரி நின்றது. என் நெற்றி முன்தட்டில் இடித்தது. போன் விற்பனைக்காரரின் காலடியில் போய் விழுந்தது.

"என்ன செய்யிறீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. கால் தன்ர பாட்டில போகுது."

"அப்ப அந்தக் காலை மடிச்சுச் சீற்றுக்கு மேல வையும்."

பந்தியில் சாப்பிட இருப்பவர் மாதிரி ஒரு காலை மடித்துக்கொண்டு அரை மைல் நன்றாக ஓட்டினார். பிறகு ஓர் ஆடு குறுக்கே வந்தது. மடித்த கால் அவரைக் கேளாமலே இறங்கியது. இந்தமுறை கயிறு அறுந்து, கதிரைகள் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து ரோட்டில் விழுந்தன. ஆடு நின்று பார்த்துவிட்டுப் போனது. நல்ல சேர்ட் போட்டிருந்த விற்பனைக்காரர் கையை மடித்துவிட்டுக் கதிரை பொறுக்கினார்.

அக்கா ரோட்டோரத்தில் ஒரு கதிரையை நிமிர்த்திப் போட்டு, அதில் இருந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு விற்பனைக்காரரிடம் சொன்னார்: "நல்ல வாகனம் தம்பி. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் எனக்கு ஏலாது. கிளச் உள்ளதாப் பாத்துக் கொண்டு வாரும்."

"அக்கா, உங்கட முழங்கால்?" என்று நான் கேட்டேன். எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவ்வளவு உறுதியாக என் பக்கம் சரி என்று நம்பியிருந்தேன்.

"முழங்கால் எனக்கு ஒராளுக்குத்தான் நோகும் பிள்ளை. ஒழுங்கையில நாலு பேர் இந்தத் திறப்பை நம்பி இருக்கினம். நாலு பேரும் உழவு மெசின் கால். அவசரத்தில ஓடேக்க அவைக்கு யோசிக்க நேரம் வராது, கால்தான் ஓட்டும்."

அன்று பின்னேரம் தம்பி வீடியோவில் வந்து கத்தினார். "உனக்கென்ன விசரோ அக்கா? காலைப் பழுதாக்கிக்கொண்டு."

"நீ அங்கயிருந்து அவசரத்துக்கு ஓட்ட ஆக்களை அனுப்பேலுமெண்டால் சொல்லு, ஓட்டோ எடுக்கிறன்," என்றார் அக்கா.

கிளச் வாகனம் வந்தது. முழங்காலும் வீங்கிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டு பாடுவார், நல்ல குரல் இல்லை. நான் அந்த வாகனத்தில்தான் பழகினேன். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், காணொளி பார்த்தே பழகுவேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் சொல்லித் தரவில்லை. வயல் வெளியில் ஒரு கதிரையைப் போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எஞ்சின் நிற்கும் ஒவ்வொரு தடவையும் கை தட்டினார். லைசென்ஸ் கிடைத்த அன்று, "உம்மட காணொளிக்குக் கீழ என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். நான் அந்தக் காணொளியை அழிக்கவில்லை. அவருடைய கேள்வி அதற்குக் கீழே இருப்பதால்.

போன வருடம் மாரி மழைக்காலத்தில் ஒரு காலை, தகரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தேவன் அண்ணை வேலியைப் பாய்ந்து வந்தார். ஆணியில் இருந்த திறப்பை எடுத்தார். அக்காவைத் தூக்கி முன்சீற்றில் வைத்துக்கொண்டு, வெள்ளம் நின்ற ரோட்டால் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். சரியான நேரத்துக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று டொக்டர் சொன்னாராம்.

கட்டிலில் எழும்பி இருந்ததும் அக்கா சொன்ன முதல் குற்றச்சாட்டு: "வீட்டிலயிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் மூண்டாம் கியரிலேயே கொண்டு வந்தவர். எஞ்சின் அலறினது. எனக்கு நெஞ்சு நோவை விட அதுதான் பெரிய நோ."

"நாலாம் கியர் இருக்கெண்டு தெரியும் அக்கா," என்றார் தேவன் அண்ணை. "அந்த நேரம் நம்பிக்கை வரேல்லை."

அக்காவின் நெஞ்சு நோவைக் கேள்விப்பட்டுத் தம்பி கனடாவிலிருந்து பறந்து வந்தார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு வருகிறார். அக்காவைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காகப் பிக்கப்பில் ஏறினார். படலை தாண்டுவதற்குள் மூன்று தடவை எஞ்சின் நின்றது. அங்கே ஓட்டோ கியர் மட்டுமே ஓட்டி, கால் மறந்துவிட்டது.

வேலிக்கு மேலால் தேவன் அண்ணை எட்டிப் பார்த்தார். "கனடா லைசென்ஸோ?"

தம்பி இறங்கி மற்றப் பக்கத்தால் ஏறினார். அக்காவுக்குக் களைப்பு, ஆகவே ஓட்டியது நான். வழி முழுக்க அக்கா தம்பியின் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். பாரம் தூக்குவதை மட்டும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை சரவணையில் கதிரைகளை இறக்குவித்துவிட்டுப் பாயாசம் குடித்துவிட்டு வந்தார். செவ்வாய் விடிய, கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் படியில் இருந்தவர் எழும்பவில்லை. இந்தமுறை எந்தக் கியரும் தேவைப்படவில்லை.

நூறு கதிரைகளையும் நான்தான் கொண்டு வந்தேன். வழியில் ஓரிடத்திலும் எஞ்சின் நிற்கவில்லை. அவர் செய்வது போலவே இறக்கிவிட்டுக் கை கழுவி, ஒன்றில் அரை மணி நேரம் இருந்தேன்.

தம்பியால் இரண்டாம் தடவை வர முடியவில்லை. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் கேட்டார்: "வாகனம் ஆர் ஓட்டினது?"

"நான்தான் அண்ணா."

"நிண்டதோ?"

"இல்லை."

கொஞ்சம் சிரித்தார். பிறகு, நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததை அவராகவே சொன்னார். "திறப்பை உள்ள எடுத்து வைக்காதையுங்கோ. அக்கா வைச்ச இடத்திலயே கிடக்கட்டும். வாகனம் விக்கிற கதையும் இல்லை."

திறப்பைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று விடிய, கதிரைகளை எடுத்துப் போடுவதற்காகப் போனேன். பிக்கப் நின்ற இடத்தில் ஈர மண்ணில் சில்லுத் தடம் மட்டும் இருந்தது. தாழ்வாரத்தைப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது.

ஆருக்கோ ஏலாமல் வந்திருக்கிறது. ஆரோ கொண்டு போயிருக்கிறார்கள்.

நான் குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தேன், அக்கா. தேயிலைப் பேணி நீங்கள் வைத்த இடத்தில்தான் இருந்தது. நீங்கள் ஆறுதலாக இருங்கோ.