அப்பாவின் மேல் விழுந்த மலை

நனைந்த டூவேக்கு ஒரு மணம் இருக்கிறது. மழையில் அலைந்து திரிந்து வந்த நாயின் மணமும் காயாத சொக்ஸின் மணமும் சேர்ந்த மாதிரி இருக்கும். பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் அதை முகர்ந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் படுக்கையில் போர்த்துகிற பஞ்சுப் போர்வையான டூவேயை யாரும் மழைக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. என் அப்பா வைத்தார். சொந்தக்காரர் வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடித்தேடிச் சேர்த்த அத்தனை டூவேக்களையும் வைத்தார். அவற்றைக் கொண்டுதான் அவர் கயிலைமலையைச் செய்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் லண்டனில், ஸ்ட்ரெதமில் இருந்தோம். சனிக்கிழமைகளில் போகிற எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் சித்திரை மாதத்தில் கவுன்சில் மைதானம் ஒன்றை எடுத்து விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். ஓட்டம், சாக்கோட்டம், கயிறிழுத்தல் எல்லாம் இருந்தாலும், பெரியவர்களுக்கு அவை ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவர்களுக்கு முக்கியம் "இல்ல அலங்காரம்". போட்டிக்காகப் பிள்ளைகளைக் குறிஞ்சி, நெய்தல் என்று இல்லங்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு இல்லமும் மைதான ஓரத்தில் ஒரு கூடாரம் அடித்து, அதை ஏதாவது ஒரு காட்சியாக அலங்கரிக்க வேண்டும்; நடுவர் வந்து சுற்றிப் பார்த்து மார்க்ஸ் போடுவார். ஓட்டப் போட்டியில் நாங்கள் ஓடினோம் என்றால், இல்ல அலங்காரத்தில் எங்கள் தகப்பன்மார் ஓடினார்கள்.

அப்பா குறிஞ்சி இல்லத்துக்குத் தலைவர். பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை செய்த அப்பாவை உலகத்தில் வேறு யாரும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. நெய்தல் இல்லத்துக்குத் தலைவர் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. நான் அறிந்த காலம் முழுக்க மாமாதான் வென்றுகொண்டிருந்தார். வெல்வதைக்கூட அப்பா பொறுத்திருப்பார். வென்ற கேடயத்தைத் துடைக்கிறேன் என்று சொல்லி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, அப்பாவுக்கு முன்னால் இருந்துகொண்டு துடைப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருடமும் மாமா அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பந்தயம் பிறந்தது.

"அத்தான், இந்த முறையும் தோத்தால் மீசையை எடுப்பியளோ?" என்றார் மாமா.

அப்பாவின் மீசை சாதாரண மீசை இல்லை. அடர்த்தியாக வளர்ந்து, இரண்டு நுனியும் மேலே வளைந்து, அவர் சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரிக்கிற மீசை. மாமாவின் மீசை மெல்லியது. ஆனால் அதற்கென்று சட்டைப்பையில் ஒரு குட்டிச் சீப்பு வைத்திருந்தார்.

"எடுப்பன்," என்றார் அப்பா. "நீ தோத்தால்?"

"நானும் எடுப்பன். சொன்னால் சொன்னதுதான்."

"ரெண்டு விசரருக்கும் வேற வேலையில்லை," என்றார் அம்மா. அதோடு பந்தயம் உறுதியாகிவிட்டது.

இராவணன் கயிலைமலையைத் தூக்கின கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பத்துத் தலை இராவணன் தன் வழியில் நின்ற கயிலைமலையைப் பெயர்த்துத் தூக்கப் பார்த்தான். மேலே இருந்த சிவபெருமான் கால் விரலால் மெல்ல ஒரு அழுத்து அழுத்தினார். இராவணன் மலைக்குக் கீழே நசுங்கி அலறினான். இதைத்தான் காட்சியாக வைப்பது என்று அப்பா முடிவெடுத்தார். தோட்டத்து மூங்கில் தடிகளும் உடைந்த உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்டும் எலும்பு, கடைகளில் எறிகிற அட்டைப்பெட்டி தசை, டூவேக்குள் இருக்கும் பஞ்சு பனி. மலைக்கு முன்னால் பச்சை வயல். அதற்காக அம்மா தட்டுகளில் ஈரக் கடதாசி விரித்துக் கடுகு விதைத்து, குசினி ஜன்னலில் முளைக்க வைத்தார். மலைக்குக் கீழே இராவணனாக இருக்கப்போவது வேறு யார், அப்பாதான். "இராவணனுக்கு மீசை வேணும். இந்த லண்டனில என்னை விட்டால் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். மற்ற ஒன்பது தலைகளையும் அட்டையில் வெட்டி ஒரு பலகையில் ஒட்டினோம். ஒன்பதுக்கும் அப்பாவின் மீசையை வரைந்தது நான்.

போட்டிக்கு முதல் நாள் டிவியில் வானிலை சொன்ன பெண், வடக்கே மலைப்பக்கம் பனி கொட்டும், தெற்கே தாழ்ந்த நிலங்களில் மழை பெய்யும், சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வரலாம் என்றார். அப்பா டிவியைப் பார்த்து, "சித்திரை மாசத்தில ஸ்நோவோ? உவைக்கு என்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு அதை நிறுத்தினார். சித்திரை என்றால் உச்சி வெயில் என்பது அப்பாவின் இரத்தத்தில் ஊறின விஷயம். அவர் லண்டனுக்கு வந்து எத்தனையோ குளிர்காலம் கண்டுவிட்டார், ஆனால் மாதத்தின் பெயரைச் சித்திரை என்று சொன்னவுடன் அவருக்கு வியர்க்கத் தொடங்கிவிடும்.

அடுத்த நாள் காலை வெயில்தான். அப்பா எல்லாரையும் பார்த்து, "பாத்தியளோ?" என்ற மாதிரிச் சிரித்தார். ஓட்டங்கள் முடிந்தன. நடுவர் வருகிற நேரம் நெருங்க, அப்பா பெனியனுக்கு மேல் அம்மாவின் பழைய பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தார். ஒன்பது தலைப் பலகையை அவருடைய தோளில் இறுக்கிக் கட்டி, அவருக்கு மேலே மலையைத் தூக்கி வைத்து, சுற்றிவர அட்டையால் மூடினோம். பத்து முகமும் இரண்டு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. பலகை அகலமானது. மலையை எடுக்காமல் அப்பா வெளியே வர ஏலாது. அதைப் பற்றி அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை.

முதலில் காற்றுத்தான் வந்தது. எங்கள் கூடாரத்தின் மேல்துணியை உரித்துக்கொண்டு போய்க் கோல் போஸ்டில் மாட்டிவிட்டது. பிறகு மழை. நான் வரைந்த ஒன்பது மீசையும் கரைந்து ஒன்பது வாய்க்குள்ளும் ஓடின. பக்கத்தில் மாமாவின் கூடாரத்தில் இன்னும் மோசம். அவர் நீலக் கடதாசியால் பெரிய கடல் செய்து கப்பல் விட்டிருந்தார். அந்தக் கடதாசியின் சாயம் கரைந்து, கடல் உண்மையான கடலாகவே மாறிப் பெருகிக்கொண்டிருந்தது. மாமா ஒரு வாளியோடு அதை இறைத்து ஊற்றினார். கை, முகம், குட்டிச் சீப்பு எல்லாம் நீலம்.

அந்த மழை கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, கனத்து, பெரிய பெரிய ஈரப் பனித்துண்டுகளாக விழத் தொடங்கியது. மைதானமே "ஸ்நோ! ஸ்நோ!" என்று கத்தியது. பெரியவர்களில் முக்கால்வாசிப்பேர் கார்களுக்கு ஓடினார்கள். மலைக்குக் கீழிருந்து அப்பாவின் குரல் மட்டும் சந்தோசத்தில் துள்ளியது.

"விழட்டும்! மலையில நல்லா விழட்டும்! வயலில விழ விடாதேங்கோ! குடையைப் பிடியுங்கோ!"

நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் குடையோடு குனிந்து கடுகு வயலைக் காத்தோம். பிள்ளைகளே, மலையில் மட்டும் பனி விழ வேண்டும், வயலில் விழக்கூடாது என்று வானத்துக்கே கட்டளை போட்ட ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

"நடுங்குறியள். வெளியால வாங்கோ!" என்று அம்மா கத்தினார்.

"மார்க்ஸ் போடாமல் வரமாட்டன்!"

ஆனால் டூவேப் பஞ்சு தண்ணீரைக் குடிக்கிற மாதிரி வேறு ஒன்றும் குடிக்காது. குடித்துக் குடித்து அந்த மலை உண்மையாகவே மலைப் பாரம் ஆகிவிட்டது. ஒரு தடி முறிந்தது. இன்னொன்று முறிந்தது. பிறகு கயிலைமலை மெதுவாக, அவசரமே இல்லாமல், அப்பாவின் மேல் உட்கார்ந்தது.

"ஐயோ! மச்சான்! மச்சான்! ஓடி வா!"

மாமா வாளியை எறிந்துவிட்டு வந்தார். வந்து, இரண்டு கையையும் மலைக்குக் கீழே கொடுத்து, தோளால் முட்டுக்கொடுத்து அதைத் தூக்கிப் பிடித்தார். பிடிக்கத்தான் முடிந்தது, எடுத்துப்போட ஆள் போதாது. அம்மா ஆட்களைக் கூப்பிடக் கார்களின் பக்கம் ஓடினார். சரியாக அந்த நேரத்தில்தான் நடுவர் வந்து சேர்ந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, பெரிய வேலையெல்லாம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஆன்ட்டி. மழைக்கோட்டும் குடையுமாக எங்களுக்கு முன்னால் நின்று வாயில் கைவைத்தார்.

"அடேங்கப்பா! எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்காங்க! பனிகூட இருக்கு!"

"அன்ரி, இது நடிப்பில்லை," என்றார் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு. "மனுசன் உண்மையாவே மாட்டிட்டார்."

"நடிப்புத்தான் அன்ரி!" என்றார் அப்பா கீழேயிருந்து. "முழுக்க நடிப்பு!"

"நடிப்பெண்டால் கையை விடட்டோ, அத்தான்?"

"விடாத மச்சான்! விட்டிடாத!"

"வசனமும் நல்லாவே இருக்கு," என்றார் ஆன்ட்டி. பிறகு மாமாவின் நீல முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஆமா, இவரு விஷ்ணுவா? விஷ்ணு எதுக்கு இந்தக் கதையில வர்றாரு?"

"உதவிக்கு வந்தவர்," என்றார் அப்பா.

மாமா உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். ஆனால் பாரத்தில் கால் ஒரு அடி சறுக்கியது. அப்பாவின் முனகல் கேட்டது. மாமா வாயை மூடிக்கொண்டு, இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி, மலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். தன்னுடைய மீசையைத் தானே பறிகொடுப்பது தெரிந்தேதான் உயர்த்தினார். ஆன்ட்டி தலையை ஆட்டி ஆட்டி மார்க்ஸ் போட்டுவிட்டுப் போனார். குறிஞ்சி இல்லம் முதலாம் இடம்.

பிறகு நாலைந்து பேர் சேர்ந்து அப்பாவை இழுத்தெடுத்தார்கள். மாமாவின் வான் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டு, மாமாவின் கோட்டையே போர்த்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் குடிக்க வைத்தார்கள். அப்பா கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைத் துடைக்கவே இல்லை.

"நாளைக்கு எடுத்திடுறன், அத்தான்," என்றார் மாமா.

"விசர்க்கதை கதையாத."

"சொன்னால் சொன்னதுதான்."

அடுத்த நாள் விடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு விரைந்து நடந்தார். றோட்டோரப் பனி கரைந்து, மரத்துப் பூக்களெல்லாம் நிலத்தில் ஒட்டிக் கிடந்தன. கதவைத் தட்டினோம். மாமா திறந்தார். முகம் முழுக்க நுரை. காதோரம் இன்னும் கொஞ்சம் நீலம். மூக்குக்குக் கீழே இடது பக்கம் மீசை இருந்தது, வலது பக்கம் இல்லை.

அப்பா கனநேரம் அந்தப் பாதி மீசையைப் பார்த்தார். அதை ஒட்டவும் ஏலாது, அப்படியே விடவும் ஏலாது.

"அரைமணித்தியாலம் பொறுத்திருக்கலாமே, மடையா," என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பாத்ரூமில் தொட்டியின் விளிம்பில் இருந்துகொண்டு கையை நீட்டினார். "தா, அந்த றேசரை."

இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து மணி அடித்தபோது கதவைத் திறந்த அம்மா, இருவரையும் மாறிமாறிப் பார்த்து, "ஆர் நீங்கள்? ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

இப்போது எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் விளையாட்டுப் போட்டியை உள்ளரங்கு ஒன்றில் வைக்கிறது. கூரை இருக்கிறது, ஹீட்டர் இருக்கிறது, நடுவர் நனைவதில்லை. தரையில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்று அந்த அரங்கை வாடகைக்கு விடுகிற ஹோல்காரர் சொல்லிவிட்டதால் இல்ல அலங்காரம் நின்றுபோய்விட்டது. இல்லங்களுக்கு இப்போது நிறம் மட்டும் இருக்கிறது, தலைவர் இல்லை. இந்த வருடம் என் பிள்ளைகள் ஓடியதைப் பார்க்க அப்பாவும் மாமாவும் வந்து, பிளாஸ்டிக் கதிரைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஓட்டத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த வெறும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சுவரில கடல் நல்லா வரும்," என்றார் மாமா.

"கடலோ? உதில மலைதான் வைக்கோணும்," என்றார் அப்பா. பிறகு நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "என்ன, பந்தயமோ?"

மாமாவும் தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார்.

"வேண்டாம் அத்தான். இனி எடுத்தால், திரும்ப வளருமோ தெரியாது."