மூச்சுப் படிந்த குடுவை

இது நான் பட்டது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். 1934 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. மாலை 3.40-லிருந்து 4.15 வரை. கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்ததால் நேரத்தில் பிசகில்லை.

குன்னூர் பஜாரில் எனக்குப் பழைய சாமான் கடை. சீமைக்குத் திரும்பும் துரைமார்களின் சாமான்களை ஏலத்தில் எடுத்து, புதிதாக வரும் துரைமார்களிடமே விற்பேன். எதிர்க்கடை மக்பூலுடையது. எனக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவன் ஒரு கெடுதலும் செய்ததில்லை. பழைய கண்ணாடியில் அவனுக்கு இருந்த கண் எனக்கு இல்லை, அவ்வளவுதான். என்னிடம் குடுவை வாங்கும் துரைசானிகள், தெருவைத் தாண்டிப் போய் அவனிடம் காட்டி, "அசல்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். நான் பதினெட்டு வருஷமாக இதே தொழிலில் இருப்பவன். வயிறு எரியுமா, எரியாதா?

அவன் சோதிக்கும் விதத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். குடுவையைக் கவிழ்ப்பான். அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்து எடுத்த தழும்பைக் கட்டைவிரலால் தடவுவான். பிறகு வாயைக் கிட்டே கொண்டுபோய் "ஹா..." என்று ஒரு மூச்சு விடுவான். மூச்சு ஈரத்தில் கீறல்கள் எழும்பித் தெரியும். வருஷக்கணக்காக மேஜையில் வைத்து எடுத்த குடுவையில் கீறல்கள் கண்டபடி ஓடும். போலியை உப்புத்தாளில் தேய்த்திருப்பார்கள். அதில் எல்லாக் கீறலும் ஒரே பக்கம் போகும். இவ்வளவுதான் வித்தை. நான் ஊதினால் மட்டும் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா ஏலத்துக்கு வந்தது. அதில் கொடி செதுக்கிய பச்சைப் பிராந்திக் குடுவை ஒன்று. நூறு வருஷப் பழசு. மக்பூல் முந்தின வாரமே பார்த்து, அசல் என்று நாலு துரைமார் முன்னால் சொல்லியிருந்தான். ஏலத்தன்று எல்லார் எதிரிலும் எடுத்துக் காட்டுவதாகவும் ஏற்பாடு.

அதே போல பம்பாய்ப் போலி ஒன்று என் கடையில் கிடந்தது. அசலை எடுத்துக்கொண்டு அதை வைத்துவிட்டால்? எல்லார் எதிரிலும் அவன் போலியைத் தூக்கிக் காட்டி விழிப்பான். எனக்குக் குடுவைகூட வேண்டாம். அந்த முழி போதும். எனக்கே குழம்பக் கூடாதென்று போலியின் கழுத்தடியில் ஊசியால் ஒரு சின்னப் புள்ளி கீறி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஏலத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறினேன்.

பங்களாவில் பட்லர் அழகர்சாமி மட்டும் இருந்தார். வயசானவர்.

"ஏலச் சாமானெல்லாம் ஸ்டோர் ரூம்ல இருக்குதுங்க. பார்த்துட்டு இருங்க, டீ போட்டுக்கிட்டு வந்தர்றேன்."

மணி 3.40. வெளியே மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோர் ரூமில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அலமாரித் தட்டில் வைக்கோல் மேல் ஏழு குடுவைகள் படுத்திருந்தன. அடிப்பக்கம் என்னைப் பார்த்தபடி.

முதல் குடுவையின் அடியில் மூச்சு ஈரம் படிந்திருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. மூச்சு ஈரம் பத்து விநாடிகூட நிற்காது. அப்படியென்றால் இப்போதுதான் யாரோ ஊதியிருக்கிறார்கள். எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. மக்பூல் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டானா?

"பாய்... நீங்கதானுங்களா?"



இரண்டாவது குடுவையில் ஈரம் படிந்தது. பிறகு மூன்றாவதில். அலமாரிக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஹ்ஹ்... ஈ... ஹ்ஹ்... ஈ... மார்ச்சளி கட்டினவன் மூச்சு விடுவது போல. மக்பூலுக்கு எப்போது சளி பிடித்தது? ஒளிந்துகொண்டு என்னை வேவு பார்க்கிறானா?

அலமாரியைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். பொறாமை விடவில்லை. மணி 4.02. பச்சைக் குடுவையை எடுத்துத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கினேன். போலியை அந்த இடத்தில் வைத்தேன்.

இழுப்புச் சத்தம் நின்றது.

நான் வைத்த போலியின் அடியில் மெதுவாக ஈரம் படிந்தது... என் கண் முன்னால். கீறல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. எல்லாம் ஒரே பக்கம் போயின. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ் விழுந்தது. டக்.

மணி 4.06.

தள்ளினேன். மரம் அசையவில்லை. ஜில்லென்று இருந்தது.

என் மூக்குக்கண்ணாடியில் ஈரம் படிந்தது. துடைத்தேன். மறுபடியும் படிந்தது.

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஹ்ஹ்... ஈ...

முகத்துக்கு நேரே.

"நான் மாத்தலீங்க... நான் மாத்தலீங்க..." என்று என் வாய் சொல்லிற்று. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"டீ ஆறிப் போகுதுங்க."

திரும்பினேன். வெளிச்சம். கோப்பையோடு அழகர்சாமி நின்றார். மணி 4.15. டீயைத் தொடாமல், மூட்டையை இறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வீட்டில் அதைப் பிரிக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஏலம். வீட்டில் விட்டுவைக்கப் பயந்து மூட்டையையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். முன்வராந்தாவில் பத்துப் பதினைந்து துரைமார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், மக்பூல் பச்சைக் குடுவையைக் கையில் எடுத்ததும் என் மனசு குளிர்ந்தது. பொய் சொல்வானேன். அவன் கவிழ்த்தான். தடவினான். ஊதினான். நெற்றி சுருங்கியது. கடைசியில் தலையை ஆட்டினான்.

"அசல்தானுங்க. சந்தேகமே இல்ல."

செத்தான் என்று நினைத்தேன். வாங்கிய துரை என்னிடமும் காட்டினார். கழுத்தடியில் பார்த்தேன். புள்ளி இல்லை.

கொல்லைப்பக்கம் போய் மூட்டையைப் பிரித்தேன். கக்கத்தை விட்டு இறக்காமல் கொண்டுபோய், பெட்டியில் வைத்துப் பூட்டி, அப்படியே திரும்பக் கொண்டுவந்த குடுவை. கழுத்தடியில் நான் கீறிய புள்ளி இருந்தது.

மக்பூல் பின்னாலேயே வந்தான். மூட்டையை மறைத்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? நான் ஊதறதுக்கு முன்னாடியே அதுல மூச்சு படிஞ்சிருந்துச்சு. உள்பக்கமா. கார்க்கு இறுக்கி மூடித்தான் இருந்துச்சு. நீங்க ஏதும் பார்த்தீங்களா?"

"இல்லீங்க பாய்," என்றேன்.

அவன் போனதும் அழகர்சாமியைத் தேடிப் பிடித்தேன். கேட்கக் கேட்கத்தான் சொன்னார். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே மாரப்பன் என்று ஒருவன் வேலை செய்தானாம். கண்ணாடிச் சாமான்களை ஊதி ஊதித் துடைப்பது அவன் வேலை. விருந்துக்கு வந்த யாரோ, பச்சைக் குடுவை போலி என்று சொல்லிவிட்டுப் போனார். அசலை மாற்றியது மாரப்பன்தான் என்று அப்போதிருந்த துரை அவனை ஸ்டோர் ரூமில் போட்டு அடைத்துவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார்.

"இளைப்பு நோவுக்காரனுங்க. 'நான் மாத்தலீங்க, நான் மாத்தலீங்க'ன்னு தட்டிட்டே இருந்தான். சாவி துரை கையில. விடியறதுக்குள்ள மூச்சு முட்டிப் போயிட்டானுங்க. அடுத்த மாசம் மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் வந்து பார்த்துட்டு, குடுவை அசல்தான்னு சொன்னாருங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து நீங்க ஏனுங்க கதவைச் சாத்துனீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எந்தக் கதவுங்க? அவன் செத்த வாரமே துரைசானி அதைக் கழட்டி எரிக்கச் சொல்லிட்டாங்க. நான்தானுங்க கழட்டுனேன்."

ஸ்டோர் ரூம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் நிலைதான் இருந்தது. கீல் இருந்த ஓட்டைகளை அடைத்து மேலே வர்ணம் பூசியிருந்தார்கள். அந்த வர்ணமும் பழசாகி வெடித்திருந்தது.