கலையரசி தனக்கே வாங்கிய பொங்கல் சீர்

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில், பிறந்த வீட்டுச் சீரைத் தானே வாங்கி வரத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினாள் கலையரசி.

அவள் அப்பா விருத்தாசலம், விழுப்புரம் பக்கத்துக் கெடார் கிராமத்தில் இருக்கிறார். கொடுப்பதில் குறை வைக்காதவர். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதிலும் குறை வைக்கமாட்டார். சேலை எடுத்துத் தந்தால், அதை என்றைக்கு உடுத்த வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். இரண்டு வருடத்துக்கு முன் அவள் தன் சம்பளத்தில், அவரைக் கேட்காமல் ஸ்கூட்டர் வாங்கினாள். அன்றோடு சீர் நின்றது. கணவனோ துபாயில். போன பொங்கலன்று எதிர்வீட்டுப் பூமாலை, "இன்னா கலை, அம்மா வூட்டு சீரு வர்லியா?" என்று கேட்டபோது, உள்ளே போய் அழுது தீர்த்தாள்.

இந்த முறை கரும்பு, மஞ்சள்கொத்து, சேலை எல்லாம் வாங்கினாள். பையில் விழுப்புரத்துக் கடைப் பெயர் இருந்தால்தான் பூமாலை நம்புவாள். பஸ் ஸ்டாண்டில் கெடார் பஸ் பக்கத்திலேயே நின்றது. மனசு அந்தப் பக்கம் இழுத்தது, ஏறவில்லை.

திண்டிவனத்தில் இறங்கியதும் போன் அடித்தது.

"ஸ்கூட்டர வித்துடு. நாளைக்கே சீரோட வர்றேன்," என்றார் அப்பா.

"சீரு வந்துடுச்சிப்பா."

"யாரு எட்தாந்தது?"

"நான்தாம்பா. நீங்க வெறுங்கையோட வாங்க, போதும்."

போனைப் பார்த்தாள். அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

வாசலில் பூமாலை பையைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா வந்தாரா?"

"இல்லக்கா. இது நானே வாங்கினது."

சொல்லிவிட்டு, ஆளில்லாத வீட்டின் பூட்டைத் திறந்தாள்.