எல்லா பஸ்ஸுக்கும் வடைக் கடை வழியாக

விசாரணைக் கவுன்டர் வேலை என்பது, போக வேண்டிய இடம் எதுவுமே இல்லாத ஒரு பெண்ணிடம், போகிற அவசரத்தில் இருக்கும் ஊர் முழுக்க வந்து கோபப்படுவதற்காக உண்டாக்கப்பட்ட வேலை. நீங்களும் எங்காவது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ‘அடுத்த ஆள்’ என்று கூப்பிடுகிறவர் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

வட்டமாக ஒரு கட்டடம்

நான் வேலை பார்ப்பது மலாக்கா மாநிலத்தில் ஒரு பஸ் நிலையம். பெயர் வேண்டாம். எங்கள் நிர்வாகத்துக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்றாலும், படித்துக் காட்டுவதற்கென்றே சில நல்ல உள்ளங்கள் இருக்கின்றன. முன்பு எங்கள் பஸ் ஸ்டேண்டு ஆற்றோரத்தில் நீளமாக இருந்தது. ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் டிரைவர் பல் குத்துவது வரை தெரியும். அதை இடித்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். வரைந்தவர் பசியோடு தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே வரைந்திருக்க வேண்டும், முழு வட்டம். வாசலுக்கு நேரே என் கவுன்டர். உள்ளே வருகிறவர் வலது பக்கம் திரும்பினால் டாய்லெட், போன் உறை விற்கும் ஆ செங் கடை, அடுத்து வெளியூர் பஸ்கள். இடது பக்கம் திரும்பினால் நீளமான வெறும் சுவர், கட்டடத்தின் முதுகுப்புறம், அதையும் தாண்டினால் மறுபடியும் அதே வெளியூர் பஸ்கள். எந்தப் பக்கம் போனாலும் போய்ச் சேரலாம். கால் வலிதான் கூடக் குறைய இருக்கும்.

திறந்த புதிதில் குருபோங்கிலிருந்து ஓர் ஆன்ட்டி இரண்டு பைகளோடு வந்து இறங்கினார். வெளியே போகும் வழியைத் தேடி நடக்க ஆரம்பித்தவர் சுற்றிச் சுற்றி என் கவுன்டரையே கடந்துகொண்டிருந்தார். கடக்கும்போதெல்லாம் மரியாதையாக, “பசியாறிட்டியாம்மா?” என்று கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் “ஆச்சு ஆன்ட்டி” என்றேன். கடைசியில் பைகளைத் தரையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, இந்த பஸ் ஸ்டேண்டுல எல்லாக் கவுன்டர்லயும் உன்ன மாதிரியே ஒருத்திய உக்கார வச்சிருக்காங்களா?”

மஞ்சள் பஸ்

கட்டடம்தான் புதுசு, வருகிறவர்களின் தலைக்குள் இருப்பது இன்னும் பழைய பஸ் ஸ்டேண்டுதான். பிளாட்பாரத்துக்கு நம்பர் போட்டிருக்கிறோம், எழுத்து போட்டிருக்கிறோம், அம்புக்குறி போட்டிருக்கிறோம். யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ‘அந்தக் காலத்துல ரொட்டி சானாய் கடைக்கு எதிர்த்தாப்புல நிக்குமே, அந்த பஸ்ஸு’ என்றுதான் கேட்பார்கள். ரொட்டி சானாய் கடையும் இல்லை, எதிர்ப்பக்கமும் இல்லை. ஆனாலும் நான் பதில் சொல்ல வேண்டும், சொல்லியும் விடுவேன்.

அலோர் காஜாவிலிருந்து ஒரு பெரியவர் வந்து மஞ்சள் பஸ் எங்கே என்றார். அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ வருடமாகிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். துக்க வீட்டில் சொல்வது போலவே சொன்னேன். அவரும் அதே மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து நைந்துபோன ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தார்: “அப்ப நான் திரும்பிப் போறதுக்கும் சேத்து எடுத்த டிக்கெட்ட என்னம்மா பண்றது?”

அக்கா மூலைக்குப் போனார்

இனி சொல்லப்போவதுதான் முக்கியமான விஷயம். பார்வதி அக்காவின் வடைக் கடை பழைய பஸ் ஸ்டேண்டின் வாசலிலேயே இருந்தது. பஸ் வந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் வடை வந்ததா என்று பார்க்கிற ஜனங்கள் நாங்கள். மசால் வடை, பச்சை மிளகாய், சுடச்சுட நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. நானும் அங்கேதான் தினமும் பசியாறுவேன். புதுக் கட்டடத்தில் கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அக்காவுக்கு விழுந்தது முதுகுப்புறத்து மூலை. வெறும் சுவரைத் தாண்டி அங்கே போவதற்கு யாருக்கும் ஒரு காரணமும் கிடையாது. வடை ஆறிக் கிடந்தது. ஈக்குக் கூட வழி தெரியவில்லை.

தீபாவளியோடு கடையை மூடிவிட்டு ஜோகூரில் மகன் வீட்டுக்குப் போய்விடப்போவதாக அக்கா சொன்னார். மகன் நல்ல பிள்ளைதானே, உட்கார்ந்து சாப்பிடலாமே என்று நான் ஆறுதல் சொன்னேன். அக்கா கரண்டியால் சட்டி விளிம்பை ஒரு தட்டுத் தட்டினார்: “நல்ல பிள்ளைதான் வசந்தி, ஆனா மருமக வடைய எண்ணெயே இல்லாம ஒரு பெட்டிக்குள்ள வச்சி எடுக்குறா. அதப் பாத்துக்கிட்டு நான் எப்படி உசுரோட இருக்கிறது?”

இடது பக்கம் போங்க

அன்றைக்குக் கவுன்டருக்குத் திரும்பி வந்தபோது ஒருவர் சிரம்பான் பஸ்ஸுக்கு வழி கேட்டார். வலது பக்கம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இடது பக்கம் போங்க, வடைக் கடையத் தாண்டிப் போனா வந்துடும்” என்று வந்தது. பொய் ஒன்றும் இல்லையே, வட்டம்தானே! அடுத்தவருக்கும் அதையே சொன்னேன். பஸ் புறப்படும் அவசரத்தில் ஓடி வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கைத்தடிக்காரர்கள் இவர்களுக்கு மட்டும் குறுக்கு வழி. மற்ற எல்லோருக்கும், கோலாலம்பூரானாலும் சரி, குளுவாங் ஆனாலும் சரி, வடைக் கடை வழியாகத்தான். கொஞ்ச நாளில் அக்காவின் சட்டியிலிருந்து புகை என் கவுன்டர் வரைக்கும் வர ஆரம்பித்தது. அந்த வாசனையை முகர்ந்துகொண்டு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் பழக்கம் பொல்லாதது பாருங்கள். ஒருநாள் ஒரு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து டாய்லெட் எங்கே என்றார். நானும் தலையை நிமிர்த்தாமலே, இடது பக்கம், வடைக் கடையைத் தாண்டி என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் முழு வட்டத்தையும் சுற்றி ஓடி, டாய்லெட்டைக் கண்டுபிடித்து, காரியத்தை முடித்துக்கொண்டு, நிதானமாக என்னிடம் வந்தார். கையில் ஒரு வடைப் பொட்டலம் இருந்தது. “தங்கச்சி, நான் போன அவசரத்துல அந்தக் கடையில நிக்க முடியல, இப்ப திரும்பப் போயி வாங்கிட்டு வந்தேன். ஆனா இன்னொரு தடவ இப்படி வழி சொன்னீங்க, நல்லா இருக்க மாட்டீங்க!”

நவரத்தினம் ஐயா

நவரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரக் குடும்பம். நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைத்தடி வைத்திருப்பார், ஆனால் அது நடப்பதற்கு அல்ல, சுட்டிக்காட்டுவதற்கு. வாராவாரம் மகளைப் பார்க்கப் போவார். பேச்சுக்கு ஒருமுறை என்னிடம் வழி கேட்டுவிட்டு, நான் சொன்னபடியே இடது பக்கம் நடந்து, அடுத்த வாரம் வந்து கைத்தடியால் தரையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். “பிள்ளை, நீர் காட்டின பாதை மற்றப் பாதையைவிட மெத்த நீளம் எண்டு உமக்குத் தெரியுமோ?” தெரியும் ஐயா, அந்தப் பக்கம் வடைக் கடை இருக்கிறது என்றேன். டாக்டர் எண்ணெய் தொடக்கூடாது என்றிருக்கிறார் என்று பெருமூச்சு விட்டுப் போய்விட்டார். புகார் கொடுக்கப் போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

மறு வாரம் மனைவியோடு வந்தார். அந்த அம்மா கையில் அவித்த கடலை டப்பா. வருடக்கணக்காகப் போய் வருகிற பஸ்ஸுக்கு ஐயா என் முன்னால் வந்து நின்று, நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “பிள்ளை, என்ர பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போறது?” என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இடது பக்கம் என்று நானும் சத்தமாகவே சொன்னேன். அந்த அம்மா வலது பக்கம் காலை எடுத்து வைத்தார். ஐயா கைத்தடியைக் குறுக்கே நீட்டிவிட்டு, முகத்தை மகா பரிதாபமாக வைத்துக்கொண்டார்: “நான் என்ன செய்ய, கவுன்டரில இருக்கிற ஆக்களே அப்பிடித்தான் சொல்லுகினம்.”

டிரைவரைக் காணோம்

செர்காம் போகிற பஸ் நிற்கிறது, ஜனங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், டிரைவரைக் காணோம். நான் மைக்கில் கூப்பிட்டேன். மலாயில் கூப்பிட்டேன், தமிழில் கூப்பிட்டேன். செக்யூரிட்டி மூர்த்தியை அனுப்பினேன். போனவர் திரும்பவில்லை. பொறுமை போய் பஸ்ஸிலிருந்த ஜனங்களே இறங்கி டிரைவரைத் தேடப் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. ஆளில்லாத பஸ் மட்டும் கதவைத் திறந்துகொண்டு நிற்க, கவுன்டரில் நான் ஒருத்தி.

எல்லோரும் எங்கே போயிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பஸ் தாமதமாகத்தான் புறப்பட்டது, ஆனால் யார் முகத்திலும் கோபம் இல்லை. சண்டை போடுவதில் பேர்போன ஓர் ஆன்ட்டி மட்டும் என்னிடம் வந்தார். நான் கையெடுத்துக் கும்பிடத் தயாரானேன். அவருக்கு வேறு வருத்தம்: “நல்லா ஏசணும்னுதான்லா போனேன், அந்த மனுசன் எனக்கும் சேத்து வடை வாங்கிக் குடுத்துட்டாரு, இப்ப எப்படி ஏசுறது?”

என்சிக் ரஹீம்

இடது பக்கம் கூட்டம் என்றால் வலது பக்கம் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆ செங் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு அக்காவுக்கு வழி தெரியாத ஈக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன போலிருக்கிறது. வலது பக்கம் ஜனங்கள் ஏன் வருவதில்லை என்று அவர் எங்கள் மேனேஜர் என்சிக் ரஹீமிடம் முறையிட்டார். என்சிக் ரஹீம் விளக்கை மாற்றிப் பார்த்தார், பூந்தொட்டி வைத்துப் பார்த்தார். இந்த மூர்த்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? வலது பக்கம் ‘ஏதோ இருக்கிறது’ என்று ஜனங்கள் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு டாய்லெட்டுக்குப் போகிறவர்களும் ஜோடி சேர்ந்து போனார்கள்.

தீபாவளி நெருங்கிய ஒரு நாள், தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஒருவர் மலாயில் ஜோகூர் பஸ்ஸுக்கு வழி கேட்டார். நான் வழக்கம்போல ‘கிரி’ என்று கையைக் காட்டினேன். மலாயில் இடது பக்கம். சற்று நேரத்தில் மேனேஜர் அறையிலிருந்து அழைப்பு. உள்ளே மேசைமேல் அதே தொப்பி. வேலை போகிறது, அக்காவும் ஜோகூருக்குப் போகிறார், பெட்டிக்குள் வடை வேகப்போகிறது என்று எல்லாம் கண்முன்னால் ஓடியது. என்சிக் ரஹீம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் சட்டையில் எண்ணெய்க் கறை. பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “எல்லாரையும் அங்க அனுப்புறதுக்குப் பதிலா, திங்கட்கிழமையிலிருந்து நீங்களும் உங்க கவுன்டரும் அங்கயே போயிடுங்க. வரும்போது எனக்கு ஒரு பொட்டலம், மிளகாய் கூட வைக்கச் சொல்லுங்க.”

மகன் வந்தார்

இப்போது வடைக் கடைக்குப் பக்கத்தில்தான் என் கவுன்டர். பஸ்ஸுக்கு வழி வேண்டுமா, விசாரணைக்குப் போக வேண்டும். விசாரணை எங்கே என்றால் வடைக் கடைப் பக்கம். நான் யாரையும் அனுப்ப வேண்டியதே இல்லை, ஊரே தானாக வருகிறது. தீபாவளி முடிந்ததும் சொன்னபடி மகன் ஜோகூரிலிருந்து அம்மாவைக் கூட்டிப்போக மனைவியோடு வந்தார். கடைக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. “வரிசையில நில்லுடா” என்று அக்கா மகனை ஓர் அதட்டு அதட்டினார். வரிசையில் நின்ற மருமகள் முறை வந்ததும் ஒரு வடையைக் கடித்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு மகன் பெட்டி படுக்கையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது. மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகன் காரை எடுக்கக் கிளம்பும்போது வாசலுக்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டு, போன் உறைக் கடைப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார். அது நீளமான வழி. வர வர வடைக்கு என்னிடம் காசு நீட்டுகிறார்கள், வழியை அக்காவிடம்தான் கேட்கிறார்கள். அக்காவும் எல்லோரையும் அந்தப் பக்கமாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். ஏன் அக்கா இப்படி என்று கேட்டேன். எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “எனக்கு எப்படிக் கூட்டம் வந்துச்சின்னு மொத நாளே தெரியும்டி. இப்ப பாவம், ஆ செங்கும் கடை வச்சிருக்கான்ல?”

ஆகவே சக கவுன்டர்வாசிகளே, எங்கள் ஊரில் பஸ்ஸைத் தவறவிட்டால் எங்களைத் திட்டாதீர்கள். உங்கள் வயிறு நிறைந்திருக்கும், உங்கள் போனுக்கும் புது உறை கிடைத்திருக்கும்.