மேனேஜர் வீட்டுக்குக் கொடுத்த பூ

ஊசியும் கையுமாகப் பிடிபட்டவன் என்று எங்கள் தொழிற்சாலையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு கொஞ்ச காலம் உலவியது. பாதி உண்மை. ஊசி இருந்தது, கை இருந்தது, பிடிபட்டதும் நிஜம். ஆனால் அந்த ஊசியை நான் எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. மேனேஜர் வீட்டு மீன்தொட்டியில் இருந்த ஒரு பூவுக்குப் போட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் முதுகில் தட்டிச் சிரிக்கிறார்கள். அதனால் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மலேசியாவில், மலாக்கா பக்கம் ஆயர் கெரோவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தேன். நிரந்தர நைட் ஷிப்ட். வீடு புக்கிட் பெருவாங்கில். மனைவி பெம்பான் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. காலையில் நான் மோட்டார் சைக்கிளை கேட்டுக்குள் தள்ளும்போது அவள் பஸ் பிடிக்க வெளியே வருவாள். டியூஷனெல்லாம் முடித்து அவள் மாலை திரும்பும்போது நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். "சோறு மூடி வச்சிருக்கேன்" என்பாள் காலையில். "கேஸ் முடியப் போவுது" என்பேன் மாலையில். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாங்கள் பேசியதில் பாதி இந்த மாதிரிதான். வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கும், அன்றைக்கு நான் தூங்கி வழிவேன். எனக்குப் பகல் வேலை வேண்டும். அந்த வயதில் வேறு எந்த ஆசையும் எனக்குக் கிடையாது. அதைக் கொடுக்கக்கூடியவர் எங்கள் மேனேஜர் ஒருவர்தான்.

பகலில் தனியாகத் தூங்கி எழுந்து, ஆளில்லாத வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல்தான் மீன் வளர்க்க ஆரம்பித்தேன். உப்புத்தண்ணீர்த் தொட்டி. கடல் தண்ணீர், கடல் பாறை, இரண்டு மூன்று பவளம், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீன். பேச்சுத்துணைக்கு ஆகாது, ஆனால் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கும்.

மலாக்கா டவுனில் மீன்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் வாங்கிய பாறையில், ஒரு நாள் அந்தப் பூவைப் பார்த்தேன். பழுப்பு நிறம். கண்ணாடி போன்ற தண்டு, உச்சியில் மெல்லிய இதழ்கள். இது பூவல்ல, கடல் சாமந்தி என்கிற உயிர்ப்பிராணி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். இறால் துண்டை நீட்டினால் இதழையெல்லாம் மடக்கி விழுங்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. நான் சொக்கிப்போனேன். மனைவி மட்டும் தொட்டி அருகே மூக்கைக் கொண்டுபோய், "வாசமே இல்லியே" என்றாள்.

அது ஒற்றையாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று பத்து வீட்டுக்குப் போகும். செம்பருத்திக் கிளையைக் கேட்காமலே ஒடித்துக்கொண்டு போவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்படி வளர்ந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? சவர பிளேடை எடுத்து அந்தச் சாமந்தியை நான்காகக் கிழித்தேன். இரண்டு வாரத்தில் நான்கு பூ. மறுபடி கிழித்தேன். எனக்குக் கைராசி உண்டு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் எங்களைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வீட்டுக்கு அழைத்தார். தமிழ்க் கிறிஸ்துவர், அலோர் காஜாவில் வீடு, நியாயமான மனிதர். ஆனால் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை. அவரும் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார், என்னுடையதைவிடப் பெரியது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"வெறுங்கையோட எப்படிங்க போறது?" என்றாள் மனைவி.

"ஆரஞ்சு வாங்கிக்கலாம்."

"எல்லாரும் ஆரஞ்சுதான் தூக்கிட்டு வருவாங்க. நம்ம வீட்டுல வளர்ந்தது ஏதாச்சும் குடுத்தா மனசுல நிக்கும்லா."

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, தொட்டித் தண்ணீர் நிரப்பி, மூன்று பூ ஒட்டிய ஒரு கல்லை அதில் போட்டு எடுத்துப் போனோம். மேனேஜர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது எங்க கிடைச்சது தம்பி?" என்றார். நானே வளர்த்தது சார் என்றேன். அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன். விருந்தாளிகளை விட்டுவிட்டு ஸ்டூலில் ஏறி, தன் பவளங்களுக்கு நடுவில் அந்தக் கல்லை வைத்தார். கிளம்பும்போது என் தோளில் கை போட்டு, "பகல்ல ஒரு இடம் காலியாவுது. பாக்கலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பின் சீட்டில் அவள் பாடிக்கொண்டே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மீன்கடைக்குப் போனபோது, வாய் சும்மா இருக்காமல் என் பூத்தோட்டத்தைப் பற்றிப் பெருமை அடித்தேன். கடைக்காரர் மீன் வலையைக் கீழே வைத்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். மலாய் மொழியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான். அது சாமந்தியில் களை. வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு சாமந்தி ஆகும். நசுக்கினால் சிதறிய துணுக்கெல்லாம் முளைக்கும். பக்கத்திலிருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே கொன்றுவிடும். ஆட்கள் அதை ஒழிக்க முடியாமல் தொட்டியையே விற்றிருக்கிறார்கள். பிளேடால் வெட்டி வளர்த்த ஆளை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்று சொல்லி, உள்ளே இருந்த தன் மனைவியையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

கையில் எடுத்திருந்த மீன் தீனியைக் கீழே வைத்துவிட்டேன். என் தொட்டியை நினைத்து அல்ல. மேனேஜரின் பவளங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கல்லை நினைத்து.

"மருந்து இல்லையா?" என்றேன். இருந்தது. கப்பூர் சிரே என்றார். நம்முடைய வெற்றிலைச் சுண்ணாம்பு! அதைத் தண்ணீரில் குழைத்து, ஊசிக்குழலால் நேராக அதன் வாயில் விட வேண்டுமாம். மருந்துக்கடையில் ஊசி வாங்கி, வரும் வழியில் பசாரில் சுண்ணாம்பு வாங்கி, என் தொட்டியிலேயே பரீட்சை செய்தேன். பூ அதை இறால் என்று நினைத்து ஆசையாக விழுங்கியது. சற்று நேரத்தில் சுருங்கிக் கூழாகிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் என் பவளம் ஒன்று வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்ததும் பாவம் பறந்துவிட்டது.

"நீதான மனசுல நிக்கணும்ன?" என்று மனைவியிடம் பாய்ந்தேன்.

"நிக்கிதுல்ல?" என்றாள். பிறகுதான் அவளுக்கும் முகம் மாறியது. "போய் உண்மையச் சொல்லிருங்களேன்."

"பகல் வேலை கையெழுத்து ஆவட்டும். அதுக்கு முன்னால அவருக்குத் தெரியாம கொன்னுரணும். நீ அவங்கள பேச்சுல இழுத்துப் பிடிச்சுக்க, போதும்."

"நான் பொய் சொல்ல மாட்டேன். வேணும்னா தாம்பாளம் தூக்கிட்டு வர்றேன்."

அப்படித்தான் நடந்தது. பொங்கலுக்கு மறுநாள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், சுண்ணாம்பு டப்பாவோடு அலோர் காஜாவுக்குப் போனோம். ஊசி என் கால்சட்டைப் பையில். மனைவி மேனேஜரம்மாவிடம் சமையலறையில் பேசிக்கொண்டிருக்க, மேனேஜர் போன் எடுக்க எழுந்த இடைவெளியில் நான் ஸ்டூலில் ஏறினேன். மூன்றாகக் கொடுத்தது எட்டாகியிருந்தது. இரண்டுக்குத்தான் போட முடிந்தது. இறங்கும்போது பையில் ஊசி கசிந்து, முழங்கால் வரை வெள்ளைக் கோடு. அதை மறைக்கத் தாம்பாளத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டே பலகாரம் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் முறுக்கோடு போனோம், மறுபடியும் வெற்றிலை. அதற்கடுத்த வாரம் வாழைப்பழச் சீப்போடு, மறுபடியும் வெற்றிலை. மேனேஜரம்மா கதவைத் திறந்ததும் தாம்பாளத்தைப் பார்த்துத் தயங்கினார். "போன வாரத்து வெத்தலையே பிரிட்ஜ்ல கிடக்கும்மா. எங்க வீட்டுல யாரும் போடறதில்லையே."

"பரவால்ல ஆண்ட்டி. சும்மா ஒரு மரியாதைக்கு" என்றாள் என் மனைவி. அது பொய்யில் சேராதாம், என்னிடம் பிறகு விளக்கினாள்.

அந்த மூன்றாவது தடவைதான் பிடிபட்டேன். சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டியிருந்தேன். ஒரு கையில் வெள்ளையாக ஏதோ நிரப்பிய ஊசி. வருடக்கணக்கில் பகலில் தூங்கிய கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும். தொட்டிக்குள் கையை விடப் போகும் நேரம் பார்த்து மேனேஜர் ஹாலுக்குள் வந்தார். போதைப்பொருள் ஒழிப்புச் சுவரொட்டி ஒட்டாத சுவரே இல்லாத காலம் அது. அந்தச் சுவரொட்டியில் இருக்கும் ஆள் நான்தான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. மெதுவாக ஊசியை வாங்கித் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, என்னை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு மரியாதைக்கு நானும் கைகூப்பிக்கொண்டேன். நீண்ட ஜெபம். நடுவில் அவர் குரல் உடைந்தது.

"போலீசுக்குச் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். "நைட் ஷிப்ட்தான் உங்கள இப்படி ஆக்கிருச்சு. தப்பு எங்க மேலயும் இருக்கு. நாளையிலேர்ந்து பகல் வேலைல போட்டுர்றேன். நீங்க இத விட்டுரணும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் போதைக்காரனாக இருந்துவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். மாலையில் வீடு, சூடான சோறு, எதிரில் மனைவி. அதற்காக எந்தக் கெட்ட பேரையும் வாங்கத் தயாராக இருந்தேன். "விட்டுர்றேன் சார்" என்று சொல்ல நாக்கைப் புரட்டியபோது கதவு திறந்தது. என் மனைவி. வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஐயோ சார், அவரு சிகரெட்கூட பிடிக்க மாட்டாரு. அது சுண்ணாம்பு சார்!"

மேனேஜர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். புருஷனைக் காப்பாற்ற இப்படி எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள். அவள் விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள். ஊசியை எடுத்தாள். ஒரு வெற்றிலையைக் காம்பு கிள்ளி, ஊசியில் இருந்ததையெல்லாம் அதன்மேல் பிதுக்கித் தடவி, பாக்கு வைத்து மடித்து, எல்லார் முன்னாலும் வாயில் போட்டு மென்றாள். எங்கள் வீட்டில் யாருக்கும் வெற்றிலைப் பழக்கம் கிடையாது. எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, உதடு வெந்தது. ஆனால் துப்பவில்லை. மென்றுகொண்டே, வாய் குழற, ஊறுகாய் பாட்டிலிலிருந்து கப்பூர் சிரே வரை எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

மேனேஜரம்மா ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தார். மேனேஜர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பம்பின் மேல், பாறையின் இடுக்கில், அவருடைய ஆசைப் பவளத்தின் காலடியில், எங்கும் பழுப்பு மொட்டுகள். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"தெரோக் தம்பி, இது ரொம்ப மோசம்" என்றார். "ஊசி போட்டிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்."

நான் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"நீங்க வச்சது. நீங்கதான் எடுக்கணும். தினம் வேலை முடிஞ்சு இங்க வந்து ஊசி போடுங்க. அதுக்காக மட்டும் உங்கள ஆபீஸ் அவர்ஸ்ல போடுறேன். கடைசிப் பூ செத்த மறுநாள் மறுபடியும் நைட் ஷிப்ட். சரியா?"

தண்டனை என்று நினைத்துத்தான் அவர் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு நான் வெளியே வருவேன். மனைவி டியூஷனை வேறு ஆசிரியைக்கு விட்டுவிட்டு, தொழிற்சாலை கேட்டில் சுண்ணாம்பு டப்பாவோடு நிற்பாள். அலோர் காஜாவுக்கு அரை மணிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுதும் அவள் என் காதருகே பேசிக்கொண்டே வருவாள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் விழுந்த பல்லை அழிரப்பரோடு சேர்த்து வைத்திருப்பது, தலைமையாசிரியரின் விசில், மழைக்கு ஒழுகும் கூரை. மூன்று வருடம் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணோடு வாழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் வீட்டில் அவள் சுண்ணாம்பு குழைத்துக் கொடுப்பாள், நான் போடுவேன். மேனேஜர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கண்காணிப்பார். மேனேஜரம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு எங்களுக்கும் சேர்த்தே சோறு வடிக்க ஆரம்பித்தார்.

நான் நேர்மையாகத்தான் வேலை செய்தேன். அதுதான் தப்பு. இரண்டு மாதத்தில் பம்பு சுத்தம், பாறை சுத்தம். ஒரு வெள்ளிக்கிழமை டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. மறுநாளும் இல்லை. திங்கட்கிழமை மேனேஜர் பேப்பரை மடித்து வைத்தார்.

"என்ன தம்பி, முடிஞ்சிருச்சா?"

முடிந்தது சார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இல்ல சார். பாறைக்குப் பின்னால இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் என் மனைவி.

அவள் கண்ணிமைக்கவில்லை. மேனேஜர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியின் பின்பக்கம் போய் நின்று பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா, இருக்குதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். நான் சட்டைக் கையை மடித்து, காலி ஊசியோடு தண்ணீருக்குள் கையை விட்டு, இல்லாத பூவுக்கு நிதானமாக ஊசி போட்டேன்.