பெரியநாயகி பேருக்கு ஒரு வீடு

மழை விட்டதும் போகலாம் என்று வீட்டுத் தரகர் பூமாலை சொன்னால் பெரியநாயகியம்மாளுக்குக் கோபம் வந்துவிடும். மழை கொட்டும்போதுதான் அவர் வீடு பார்க்கக் கிளம்புவார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்பிள்ளைகள் போடும் கான்வாஸ் ஷூவும் கறுப்புக் குடையுமாக அவர் முன்னால் நடப்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி பூமாலை பின்னால் வருவார். "நல்ல நாள்ல எந்த வூடும் நல்லாத்தான்யா இருக்கும். கெட்ட நாள்ல எப்டி இருக்குதுன்னு பாக்கணும்" என்பது அம்மாளின் கட்சி. அதனால் ஒவ்வொரு வீட்டையும் மழையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, கரண்டு போன நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவார். கள்ளக்குறிச்சியில் விலைக்கு வந்த வீடுகளில் அவர் ஓட்டை கண்டுபிடிக்காதது அநேகமாக எதுவும் இல்லை.

வயது அறுபதை நெருங்குகிறது. பிறந்தது மணலூர்பேட்டையில், கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பத்தில். ஆனால் கைப்பையில் இருப்பது பிரான்சு நாட்டுப் பாஸ்போர்ட். கணவர் சுப்புராயன் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய்; அந்த ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் போன இடமெல்லாம் இவரும் போனார், அவர் பிரெஞ்சுக் குடிமகன் ஆனபோது இவரும் பிரெஞ்சுக்காரி ஆனார். அவர் கண்ணை மூடிய பிறகு பாரீஸ் பக்கத்தில் மகன் வீட்டு ஏழாவது மாடியில் சில வருஷம். "சைகோன்ல பட்டாளத்து வூடு. அல்ஜீரியால பட்டாளத்து வூடு. பாரீஸ்ல பையன் வூடு. உன் வூடு எங்கடின்னு கேட்டா கை காட்டறதுக்கு ஒண்ணு இல்ல" என்று எண்ணிக் காட்டுவார். தன் பேரில் ஒரு வீடு. அதற்காகத்தான் விசா வாங்கிக்கொண்டு, பிறந்த மண்ணுக்கே அந்நிய நாட்டுக்காரியாக வந்து இறங்கினார்.

பாண்டிச்சேரியிலேயே வாங்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. ஒரு மாதம் அங்கே தங்கிப் பார்த்தார். பென்ஷன் தேதியும் முழங்கால் வலியும் தவிர அங்கே வேறு பேச்சே இல்லை என்று மூட்டையைக் கட்டிவிட்டார். "அங்க போனா கடைசி வரைக்கும் சொல்தா பொண்டாட்டிதான்." மணலூர்பேட்டையிலோ அண்ணன் கொளஞ்சியப்பன் வீட்டில் ஒரு அறை ஒதுக்கித் தந்திருந்தார்கள், அதில்தான் தங்கியிருந்தார். அதை நிரந்தரமாக்கிக்கொள்ள அண்ணன் சொன்னபோது, பிரெஞ்சில் "நோன்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். அண்ணனுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் மாமரங்களோடு ஓர் இடத்தைப் பூமாலை காட்டியபோது மட்டும் அம்மாள் கொஞ்சம் ஆடிப்போனார். மலைக்காற்று அப்படி. ஆனால் அது விவசாய நிலம். வெளிநாட்டுக்காரர் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது என்று தெரிந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினார். "மலைய டவுன்ல மொட்ட மாடியில நின்னு பாத்துக்கறேன். அதுக்குப் பத்திரம் வாணாம்." டவுனில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு, சந்தை உண்டு, நாலு திக்கும் போகப் பஸ் உண்டு. கள்ளக்குறிச்சி என்று முடிவாயிற்று.

வீடு பார்க்கும்போது அவருக்கு ஒரு வழக்கம். கைப்பையிலிருந்து உருண்டையான ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நடுக்கூடத்தில் வைப்பார். அது எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்த்தால் தரை வாட்டம் தெரிந்துவிடும், எந்த மூலையில் கழுவின தண்ணீர் தேங்கும் என்று தெரிந்துவிடும். இது அவருக்குத் தெரியும், பூமாலைக்குத் தெரியும். கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தி நடுவீட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்த அம்மா என்ன நினைப்பார்? "அய்யய்யோ, செய்வினை வெக்கறாளே!" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பூமாலை சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார். பெரியநாயகி ஓடவில்லை. ஒரு சொம்பு தண்ணீரும் உப்பும் கேட்டு வாங்கினார். அதே பழத்தை அறுத்துப் பிழிந்து, அத்தனை பேர் பார்க்க நின்று நிதானமாகக் குடித்தார். "பாத்தீங்களா, எனக்கு ஒண்ணும் ஆவல. உங்க வூட்டுக்குத்தான் வடக்கால தரை எறங்கியிருக்குது, சரி பண்ணிக்குங்க." அந்தத் தெருவில் அதற்குப் பிறகு வீடு கிடைக்கவில்லை. பழத்தையும் அவர் விடவில்லை.

எலுமிச்சம்பழம் சின்ன சங்கடம்தான். பெரிய சங்கடம் இரண்டு. வெளிநாட்டுக் குடியுரிமைக்காரர் இங்கே வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், அது வரும்வரை விற்கிறவர் காத்திருக்க வேண்டும். எவர் காத்திருப்பார்? இன்னொன்று, அது எண்பத்தேழாம் வருஷம், தென்னாற்காடு முழுக்க இட ஒதுக்கீட்டுப் பேச்சு. டீக்கடையில், கரும்பு வண்டியில், கல்யாணப் பந்தியில் எல்லாம் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதே பேச்சாக இருந்தது. வீடு விற்கிறவர்கள் விலையைச் சொல்வதற்கு முன்னால், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார்கள். "பிரெஞ்சு" என்பார் அம்மாள். அதற்கு மேல் கேட்டால் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுவார்.

அண்ணன் மகன் அறிவுச்செல்வன் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி வைத்திருந்தான். "என் பேர்ல வாங்குங்க அத்தை. பர்மிஷனும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். நாளைக்கே ரிஜிஸ்டர் பண்ணிடலாம்." கெட்ட பையன் இல்லை. டிப்ளமா முடித்து வேலை கிடைக்காமல், போராட்டக் கூட்டங்களுக்குச் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தான். அத்தை மேல் உண்மையான பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடு கொஞ்சம் கணக்கும் உண்டு. பெரியநாயகிக்கு இரண்டுமே தெரியும். அவன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார். "நீங்கல்லாம் ரோட்ல நின்னு இன்னா கேக்கறீங்க?"

"எங்களுக்கு உண்டான பங்கை எங்க பேர்ல தனியாக் குடுன்னு கேக்கறோம்."

"நியாயந்தான். வுடாம கேளு. உன் பங்கு உன் பேர்ல வேணும். என் வூடு மட்டும் உன் பேர்ல இருக்கணுமா?"

அறிவுச்செல்வன் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தான். அதற்குப் பிறகும் அவன் கேட்பதை விடவில்லை, அவரும் மறுப்பதை விடவில்லை.

புரட்டாசி பிறந்த வாரம் சாலை மறியல் வந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. சில ஊர்களில் உயிர்களும் போயின. வீடு பார்க்க வந்த பெரியநாயகி கள்ளக்குறிச்சி லாட்ஜில் மாட்டிக்கொண்டார். அறிவுச்செல்வன் எந்தச் சாலையில் நிற்கிறானோ என்று ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். அறைக்குள் உட்கார்ந்து கலங்கிக்கொண்டிருக்க அவரால் முடியாது. பூமாலையை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"இன்னாம்மா நீங்க, ஊரே அடைச்சுக் கெடக்குது. இன்னிக்குப் போயி வூடு பாக்கணும்னு சொல்லிக்கினு!" என்றார் பூமாலை.

"இதவிடக் கெட்ட நாளு எப்பய்யா வரும்? கெளம்பு."

பூமாலை காட்டியது ரைஸ் மில்லை ஒட்டிய ஓர் ஓட்டு வீடு. துணிக்கடை ஹயாத் பாஷாவுடையது. மில்லின் தூசிக்கும் சத்தத்துக்கும் பயந்து இரண்டு வருஷமாக யாரும் வாங்கவில்லை. அம்மாள் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது அசையாமல் நின்றது. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஜெயசுதா என்ற பெண் எட்டிப் பார்த்தாள். "சாப்டீங்களாம்மா? கடையெல்லாம் சாத்திக் கெடக்குதே" என்றாள். இல்லை என்று சொன்னதும் உள்ளே கூட்டிப்போய்ச் சோறும் முருங்கைக்கீரையும் போட்டாள். அவர் கை கழுவிய பிறகுதான் மெல்ல ஆரம்பித்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. நீங்க இன்னா ஆளுங்க?"

"பிரெஞ்சு."

ஜெயசுதா கொஞ்சம் யோசித்தாள். "அது பேக்வேர்டுல வருதா, ஃபார்வேர்டுல வருதாம்மா?"

பெரியநாயகிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் இறந்த பிறகு அப்படிச் சிரித்ததில்லை என்று பின்னால் சொன்னார். தெருவில் இறங்கியதும் பூமாலையிடம், "மொத கேள்வி சோறு. ரெண்டாவது கேள்விதான் சாதி. இந்தத் தெரு போதும்யா எனக்கு" என்றார்.

ஹயாத் பாஷா ஒன்றும் தியாகி இல்லை. "ரெண்டு வருஷமா எவனும் சீந்தாத வூடும்மா. இன்னும் கொஞ்ச நாள் தூசி பட்டாத்தான் இன்னா? காத்துக்கினு இருக்கேன்" என்றார் சிரித்துக்கொண்டே. அறிவுச்செல்வன் மறியல் முடிந்து, குரல் கட்டிப்போய், முழுசாக வீடு வந்து சேர்ந்தான். அத்தை அவனைப் பார்த்ததும் முதுகில் ஓர் அறை விட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

அனுமதிக்கு எழுதிப் போட்டார். விவரம் கேட்டு வந்தது, அனுப்பினார். மறுபடி கேட்டு வந்தது, மறுபடி அனுப்பினார். தங்கும் காலத்தை நீட்டிக்கக் கடலூர் போலீஸ் அலுவலகத்துக்குப் போனபோது, "இன்னும் எத்தினி நாளும்மா இருப்பீங்க?" என்று எழுத்தர் கேட்டார். "வூடு வாங்கற வரைக்கும்" என்றார். "வாங்குன பிறகு?" "பிறகு என் வூட்ல இருப்பேன்." எழுத்தர் அதை எப்படி எழுதிக்கொண்டாரோ தெரியாது. பாரீஸிலிருந்து மகன், போதும், வந்துவிடுங்கள் என்று எழுதினான். அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். அறிவுச்செல்வன் மாதம் தவறாமல் தன் பேரை ஞாபகப்படுத்தினான். அம்மாள் அசரவில்லை, வாரம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், மில் ஓடும் நேரமாகப் பார்த்து அந்த வீட்டு வாசலில் நின்று சத்தத்தைக் காதுக்குப் பழக்கிக்கொண்டு திரும்பினார்.

மறு வருஷம் ஐப்பசியில் அனுமதி வந்தது. அந்த மாதமே பத்திரம் பதிவாயிற்று. காலஞ்சென்ற சுப்புராயன் மனைவி, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பெரியநாயகி என்று பத்திரம் எழுதுபவர் உரக்கப் படித்தபோது, அவர் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடி வந்தார். ஜெயசுதா வீட்டுக்கு முதல் டம்ளர் போயிற்று.

அடுத்த வாரம் அறிவுச்செல்வன் வந்தான். கதவைத் தள்ளித் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தான். சட்டையைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினான். இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தான். "ஓட்டப் பிரிச்சிட்டுத் தளம் போட்டு, மேல ஒரு ரூம் கட்டிடலாம் அத்தை. நான் வந்து இருந்துக்கறேன்."

பெரியநாயகி கோபப்படவில்லை. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். தோளைப் பிடித்துப் பதமாக வாசலுக்கு அழைத்துப் போனார். அவனைப் படிக்குக் கீழே நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பக்கத்து வாசலில் ஜெயசுதா முறத்தோடு நின்றுவிட்டாள். அறிவுச்செல்வன் சட்டையைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான் அத்தை. அறிவு."

"யார் வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

மில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"பெரியநாயகியம்மா வூட்டுக்கு."

தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்து, "வாப்பா, உள்ள வா" என்றார்.