பலகை அடித்த ஜன்னல்

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வளையல் கடை நவுஷாத்தின் மனைவி அத்தியாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. மணலூர்பேட்டையிலிருந்து வாழ வந்த அன்றைக்கே மாமியாரின் சமையலைக் குறை சொன்ன மகராசி அவள். பக்கத்து வீட்டு ஜெயம்மாளை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தது. ரோடெங்கும் மரத்தை வெட்டிப் போட்டார்கள். கல் வந்து விழுமோ என்று பயந்த அத்தியா, வீட்டின் ஒரே ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்தாள். ஜெயம்மாளின் மகனும் மறியலுக்குப் போனான் என்று கேள்விப்பட்டதும், "உன் புள்ள வெட்டுற மரம் என் தலைமேல வுழணுமா?" என்று சண்டைக்குப் போனாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொல்லையில் துணி காயப்போடுவதையும் விட்டாள். "அவ மூஞ்சில முழிக்கிறதுக்கு வூட்டுக்குள்ளயே காயட்டும்" என்று இருந்த ஒரே அறையில் கயிறு கட்டினாள். மறியல் ஒரு வாரத்தில் முடிந்தது. பலகையும் கயிறும் அப்படியே இருந்தன.

மார்கழியில் மலைப்பனி ஊருக்குள் இறங்கியதும் சுவர் வேர்த்தது. பீரோவுக்குப் பின்னால் கருப்பாய்ப் பூசணம் பூத்தது. ஏற்கெனவே இளைப்புக்காரரான நவுஷாத், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். கடை பத்து நாளாகப் பூட்டிக் கிடந்தது. "இந்த ஈரத்துல படுத்தா மருந்து கேக்காதும்மா. ஆளு தாங்க மாட்டாரு" என்று டாக்டர் கையை விரித்தார். அத்தியா சுண்ணாம்பு அடித்தாள், சாம்பிராணி போட்டாள். நாலாம் நாள் பூசணம் மறுபடி எட்டிப் பார்த்தது. யார் செய்த வேலை என்று அவளுக்குத் தெரியாதா!

"பொதுச் செவுத்துல தண்ணி ஊத்தியே என் வூட்டுக்காரரக் கொல்லப் பாக்குறியாடி?" என்று அத்தியா, ஜெயம்மாளின் வாசலில் போய் நின்று கத்தினாள்.

"இன்னா பேச்சு பேசுற பாயம்மா? வந்து பாரு!" என்று ஜெயம்மாள் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அதே சுவரின் இந்தப் பக்கத்தில் நெல் மூட்டை சாத்தியிருந்தது. அத்தியா தடவிப் பார்த்தாள். காய்ந்த சுண்ணாம்பு விரலில் மாவாக ஒட்டியது.

ஜெயம்மாள் அதோடு விடவில்லை. கடப்பாரையோடு அத்தியா வீட்டுக்குள் நுழைந்தாள். தலையில் சொட்டிய ஈரப் புடவையைத் தள்ளிவிட்டு ஜன்னல் பலகையைப் பெயர்த்தாள். வெயில் கட்டில்மேல் விழுந்தது.

"துணிய எடுத்துக்கினு போயி கொல்லையில போடு. பாய்க்காகச் சொல்றேன். நீ செத்தாகூட நான் எட்டிப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவுஷாத் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ரொம்ப நேரம் மூச்சை இழுத்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அவமேல இருந்த கோவத்துக்கு, மூணு மாசமா என்னயா போட்டு அடச்ச?"

அத்தியா கயிற்றை அவிழ்த்தாள். ஈரத் துணியை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.